அக்கா பதில்கள்: தவணை அட்டையும் சங்கீதமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பணக் கஷ்டத்தைப் பற்றியவை. அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கு மட்டும் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அந்தத் தங்கை எழுதியிருப்பதை அப்படியே எழுதக்கூடிய வீடுகள் நம் சபைகளில் ஏராளம். எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டோம்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையோரக் கிராமம். என் கணவர் உப்பளத்தில் கூலிக்கு இருந்தவர். பிறகு நான்கு ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வரப்பு உடைந்து, அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பு முழுவதும் கரைந்துபோயிற்று. பாத்திகளைச் சரிசெய்யக் கடன் வாங்கினோம். அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன். இப்போது இரண்டு குழுக் கடன்கள். வாரத் தவணை ஒன்றுக்கு 850 ரூபாய், மற்றதற்கு 1,100. தெரிந்த ஒருவரிடம் ஐந்து வட்டிக்கு 60,000. என் மூன்று பவுன் கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கிறது. குத்தகையை விட்டுவிட்டோம். அவர் லோடு ஏற்றப் போகிறார், நான் உப்பு வாரப் போகிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 16,000 வந்தால் அதிகம். மழை மாதங்களில் அதுவும் இல்லை. பிளஸ் டூ படிக்கும் மகளை இத்துடன் நிறுத்திவிடலாம் என்கிறார் அவர். சபைக்குச் செலுத்த வேண்டிய சங்கக் காணிக்கை பாக்கி விழுந்துவிட்டது. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பட்டியல் வாசிப்பார்கள் என்ற பயத்தில் ஆலயத்துக்குப் போவதையே விட்டுவிட்டேன். ஜெபக் கூட்டத்து அக்கா ஒருவர், "நீதிமான் கைவிடப்பட்டதைக் காணவில்லை என்று வேதம் சொல்கிறது. உங்கள் வீட்டில் ஏதோ குறை இருக்கிறது, உபவாசம் இரு" என்றார். சில இரவுகளில் பிள்ளைகள் தூங்கியபின் கடல் பக்கம் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நம்பிக்கையாக இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி இருப்பது என்று யாரும் சொல்வதில்லை.

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடல் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில். இன்று இரவு அந்த எண்ணம் வந்தால் கணவரை எழுப்புங்கள். அவர் எவ்வளவு களைத்துத் தூங்கினாலும் எழுப்புங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. 104 என்ற எண்ணிலும் பேசலாம். இப்படி ஓர் எண்ணம் வந்ததற்காக உங்களைப் பாவி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர்தான். அவருக்குக் கர்த்தர் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். நீங்களும் சாப்பிடுங்கள். உபவாசம் இருக்கச் சொன்ன அக்காவுக்கு உங்கள் வீட்டு அரிசிப் பானை தெரியாது.

அவர் சொன்ன வசனம் 37-ஆம் சங்கீதத்தின் 25-ஆம் வசனம். நீதிமான் கைவிடப்பட்டதையும் அவன் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிகிறதையும் நான் காணவில்லை என்கிறது அது. அந்த அக்கா அடுத்த வசனத்தையும் வாசித்திருக்கலாம். "அவன் நித்தம் இரங்கிக் கடன்கொடுக்கிறான்; அவன் சந்ததி ஆசீர்வதிக்கப்படும்." இரங்கிக் கொடுக்கிறவன் ஊரில் இருந்தால் பிள்ளைகள் இரந்து திரிய வேண்டியதில்லை. அந்தச் சங்கீதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கஷ்டப்படுகிறவள் வீட்டுக்கு வந்து குறை தேடுவது முறையா? அதை வாசித்த சபைதான் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நம்மில் நித்தம் இரங்குகிறவன் யார்? சங்கீதப் புத்தகத்தில் இதற்கு முன்னால் 13-ஆம் சங்கீதம் இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது. இரண்டின் தலைப்பிலும் தாவீதின் பெயர்தான் இருக்கிறது. அப்படிக் கேட்ட வாயை வேதம் மூடவில்லை. அந்தக் கேள்வியையே நமக்கு ஜெபமாகக் கொடுத்திருக்கிறது. நீங்களும் கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள்.

இனி எப்படி நம்பிக்கையாக இருப்பது என்ற உங்கள் கேள்வி. நான் பணி ஓய்வு பெறும்வரை ஒரு கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்தவள். என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்த பெண்களை வைத்தே சொல்கிறேன். சங்கிலியைக் கழற்றித் தருகிறவர் முதலில் அதில் கோத்த தாலியை உருவி எடுத்து, கைக்குட்டை நுனியில் முடிந்துகொள்வார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறவரை கண்ணை எடுக்கமாட்டார். பணத்தை எண்ணி வாங்கியதும் அடகுச் சீட்டைப் படிக்காமல் நான்காக மடித்து, கொண்டுவந்த வேதப்புத்தகத்துக்குள் செருகிக்கொள்வார். வீட்டுக்குப் போனபின் அந்தச் சீட்டைப் பார்க்கவே பயம். கெடு தேதி தாண்டி நோட்டீஸ் வரும்போதுதான் மறுபடி எடுப்பார். கர்த்தர்மேல் பாரத்தை வைத்துவிட்டேன் என்பார் சிலர். அவர்கள் பக்தி உண்மையானது. ஆனால் பாரம் எவ்வளவு என்று பார்க்காமல் எப்படி வைக்கமுடியும்?

எலிசாவிடம் வந்த விதவையின் கதை உங்களுக்குத் தெரியும். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருக்கிறான். தீர்க்கதரிசி கேட்ட முதல் கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது சொல் என்பது. அவள் ஒரு குடம் எண்ணெய் என்று மறைக்காமல் சொன்னாள். அயலாரிடம் போய் வெறும்பாத்திரங்கள் வாங்கினாள். அதற்கு அவள் நான்கு வாசல் ஏறி, தன் நிலைமையைச் சொல்லியிருக்கத்தான் வேண்டும். அற்புதம் நடந்தபின் எலிசா சொன்னது: எண்ணெயை விற்று உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள். வீட்டில் இருப்பதைச் சொல்வது, அயலாரைக் கேட்பது, விற்பது, அடைப்பது எல்லாம் அந்த அற்புதத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். நான் உங்கள் கடிதத்திலிருந்தே எழுதிப் பார்த்தேன். இரண்டு குழுக் கடன்களுக்கும் சேர்த்து வாரம் 1,950. மாதத்துக்கு ஏறக்குறைய 8,400. ஐந்து வட்டிக்கு மாதம் 3,000. ஆக 11,400. வருமானம் 16,000 என்றால், மீதி 4,600 ரூபாயில் நாலு பேர் சாப்பிட வேண்டும். இந்தக் கணக்கில் யாராலும் நிமிர முடியாது. எத்தனை உபவாசம் இருந்தாலும் இந்தக் கூட்டல் மாறாது. குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை என்பதை இந்த ஒரு பக்கமே சொல்லிவிடும்.

இதில் உயிரை உறிஞ்சுவது ஐந்து வட்டிதான். நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் வருடத்துக்கு அறுபது. 60,000 ரூபாய்க்கு ஒரு வருடத்தில் 36,000 வட்டியாகவே போய்விடும், முதல் அப்படியே நிற்கும். கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் வட்டி அதற்குப் பக்கத்திலும் வராது. ஆனால் நம் பெண்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நகை மூழ்கிவிடுமோ என்று பயந்து அதற்கு முதலில் கட்டுகிறார்கள். ஐந்து வட்டியை இழுத்துக்கொண்டே போகிறார்கள். தங்கம் விற்கும் விலைக்கு மூன்று பவுனில் ஒன்றை மீட்டு விற்றால் அந்த 60,000-ஐப் பெரும்பாலும் ஒரே நாளில் முடித்துவிடலாம். வங்கிக்குப் போய், பகுதித் தொகை கட்டினால் ஒரு நகையை மட்டும் விடுவிப்பீர்களா என்று மேலாளரிடம் கேளுங்கள். அதற்கு இரண்டு நாள் கைமாற்று தேவைப்பட்டால், குருவானவரிடமோ பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளரிடமோ கேளுங்கள். அம்மா போட்ட நகை என்று மனம் வலிக்கும். வலிக்கட்டும், விற்றுவிடுங்கள். பிள்ளைக்குச் சோறில்லாமல் இரும்புப் பெட்டியில் கிடக்கும் தங்கத்தால் அம்மாவுக்குப் பெருமை இல்லை. கடனை முடித்ததும் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுப் பத்திரம், காசோலை எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடுங்கள். ஒன்றையும் விட்டுவைக்க வேண்டாம்.

குழுக் கடன்காரர்களைப் பற்றிச் சில விதிகளை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி இப்படிப்பட்ட குறுங்கடன் கொடுக்கக் கூடாது. உங்கள் வீட்டில் தாண்டிவிட்டது. கடன் கொடுக்கும்போதே வருமானத்தை விசாரித்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. வசூலுக்கு வருகிறவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, வாசலில் நின்று அவமானப்படுத்தக் கூடாது. தவணையை வாரத்திலிருந்து மாதத்துக்கு மாற்றிக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வட்டிக்காரர் மிரட்டினால், கந்துவட்டிக்கு எதிரான சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. கடனைக் கேட்டு வீட்டில் வந்து மிரட்டுவதைத் தண்டிக்க 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். தனியாகப் போக வேண்டாம், சபையில் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். பவுல் தன்னைக் கட்டிப்போட்டவனிடம், நான் ரோமக் குடிமகன் என்று சட்டம் பேசினார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லவில்லை.

மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் தொழிலாளர் நல அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

மகளைப் பற்றி. நிறுத்த வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் கெஞ்சிக் கேட்பதாகச் சொல்லுங்கள். எருசலேமைப் பாபிலோனியர் முற்றுகை போட்டிருந்த சமயம், எரேமியா காவல் வீட்டு முற்றத்தில் அடைபட்டுக் கிடந்தார். நாடு போகப்போகிறது என்று சொன்னவரே அவர்தான். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, அது நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். எதிரி மதிலுக்கு வெளியே நிற்கும்போது பத்திரப்பதிவு! வேதத்தில் நம்பிக்கை என்று நான் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எரேமியாவின் மனநிலை என்னவாக இருந்தது, சிரித்தாரா அழுதாரா என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. எடை, சாட்சி, முத்திரை, பாண்டம் என்று செய்த காரியங்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறது. நீங்கள் மனதில் நம்பிக்கை பொங்கவில்லையே என்று தவிக்கிறீர்கள். பொங்காவிட்டாலும் பரவாயில்லை. மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அதை 2024 டிசம்பரில் உங்கள் தூத்துக்குடியில் வைத்துத்தான் விரிவுபடுத்தினார்கள். நம் மிஷன் பள்ளிப் பெண்களில் பலர் இதில் வருவார்கள். தலைமை ஆசிரியையிடம் நாளைக்கே கேளுங்கள்.

ஆலயத்துக்குப் போங்கள். நான் தேரிக்காட்டுப் பனையேறியின் மகள். எங்கள் அம்மா உலையில் அரிசி போடும்முன் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்புக்குப் பக்கத்துச் சிறுபானையில் போடுவார். பதநீர் இல்லாத மாதங்களில், பானையில் அரிசியே குறைவாக இருக்கும் நாளிலும் போடுவார். கை மட்டும் கொஞ்சம் சிறிதாக மூடும். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். அப்படிச் சேர்ந்த அரிசியிலிருந்து சபை ஊழியர் யார் வீட்டுக்கு எடுத்துப் போனார் என்று ஊருக்குத் தெரியாது. சில வாரங்கள் எங்கள் வீட்டுக்கே வந்தது. கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒன்றாகவே இருந்ததால் அம்மாவுக்கு அதில் கூச்சம் இருக்கவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதியது உங்களுக்கும்தான்: ஒருவனுக்கு மனவிருப்பம் இருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும். காணிக்கைப் பையில் வெறும் கையை விட்டு எடுத்தாலும் தலை நிமிர்ந்து உட்காருங்கள். குருவானவரிடம் பாக்கி விவரத்தை நேரில் சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளித்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: அக்கா, நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அமெரிக்கா 2025 ஆகஸ்டில் வரியை 50 சதவீதம் ஆக்கியதும் எங்களுக்கு ஆர்டர் குறைந்துபோனது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் வாரத்துக்கு நாலு நாள் வேலை என்று ஆயிற்று. அதில் விழுந்த கடனிலிருந்து இன்னும் மீளவில்லை. இந்த நேரத்தில் ஓர் ஊழியர், பத்தாயிரம் விதைக் காணிக்கை அனுப்பினால் நூறத்தனையாகத் திரும்பும் என்றும், சாறிபாத் விதவை எலியாவுக்குக் கடைசி மாவைக் கொடுத்ததால்தான் ஆசீர்வாதம் பெற்றாள் என்றும் பேசுகிறார். கடன் வாங்கியாவது அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம் தம்பி. ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கி அனுப்ப வேண்டாம்.

சாறிபாத் கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். எலியா அந்த விதவையிடம் அடையை வாங்கிக்கொண்டு போய்விடவில்லை. அவள் வீட்டு மேல்வீட்டறையில் தங்கினார். அவளும் அவரும் அவள் வீட்டாரும் அதே பானை மாவில் அநேகநாள் சாப்பிட்டார்கள். அவள் மகன் செத்தபோது பிள்ளையை மடியிலிருந்து வாங்கித் தன் கட்டிலில் கிடத்தி, கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டவர் அவர். உங்களிடம் பத்தாயிரம் கேட்கிறவர், வேலையில்லாத அந்த மூன்று நாள் உங்கள் லைன் வீட்டில் வந்து தங்கி, நீங்கள் சாப்பிடுவதையே சாப்பிடுவாரா? மாட்டார் என்றால் அவர் வாயில் எலியாவின் வார்த்தைக்கு இடமில்லை. வறுமையில் இருக்கிறவனுடைய பயத்தைக் காணிக்கையாக மாற்றுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு எரிகிறது. ஆண்டவர், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் என்று சொன்னது நீண்ட ஜெபம் செய்கிறவர்களைப் பார்த்துத்தான்.

நீங்கள் அந்தப் பத்தாயிரத்தை அனுப்ப நினைத்ததில் இருக்கும் தவிப்பு எனக்குப் புரிகிறது. நம் கையில் இல்லாத ஒன்றை, எங்கோ வாஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்தை, நாம் ஏதாவது செய்து மாற்றிவிடலாம் என்று மனம் துடிக்கும். மாற்ற முடியாது. செய்ய முடிந்தது வேறு. உள்நாட்டு ஆர்டர் எடுக்கும் யூனிட்டுகளில் விசாரியுங்கள். பி.எஃப். கணக்கில் நிறுவனம் ஒழுங்காகக் கட்டுகிறதா என்று பாருங்கள். ஊரில் அம்மாவுக்கு உண்மையான சம்பளத்தைச் சொல்லுங்கள். பிள்ளை மறைக்கிறான் என்று தாய்க்கு எப்படியும் தெரிந்துவிடும். அறையில் உடன் இருக்கும் நண்பர்கள் சேர்ந்து ஒரே அடுப்பில் சமையுங்கள், செலவு பாதியாகும். காணிக்கை போட ஆசை இருந்தால், அந்த அடுப்பில் உங்களைவிடக் குறைவாக வேலை கிடைத்தவனுக்கு ஒரு தட்டு வையுங்கள்.

கேள்வி: பிள்ளைகளிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லலாமா? அவர்கள் மனம் உடைந்து, ஆண்டவர்மேல் உள்ள பற்றுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: சொல்லுங்கள் தங்கையே. அளவாக, அழாமல் சொல்லுங்கள். இந்த மாதம் பால் அரை லிட்டர்தான், அப்பாவுக்கு வேலை குறைவு, கடன் இவ்வளவு இருக்கிறது, இப்படி அடைக்கப்போகிறோம் என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். சொல்லாமல் விட்டால், கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் கிசுகிசுப்பதைக் கேட்டு அவர்களே ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார்கள். அது உண்மையைவிட மோசமாக இருக்கும். குடும்ப ஜெபத்தில், எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும் என்று தினமும் சொல்லிவிட்டு, ஆகாரம் எப்படி வருகிறது என்பதை மறைத்தால்தான் பிள்ளைகளுக்கு அந்த ஜெபம் வெறும் சத்தமாகிவிடும். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த மீன் குழம்பில் சோறு இறங்கினால், இது யார் கொடுத்தது என்று சாப்பாட்டிலேயே சொல்லிக்காட்டுங்கள்.

கேள்வி: நான் எங்கள் சபையின் பொருளாளர். எழுபது குடும்பங்கள் உள்ள கிராமச் சபை. அநேகர் வட்டிக் கடனில் இருக்கிறார்கள். ஆறுதல் சொல்வதைத் தவிர எங்களால் வேறு என்ன செய்ய முடியும்?

பதில்: அண்ணன், இந்தக் கேள்வி வந்ததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். கஷ்டப்படுகிறவர்களே எழுதுவார்கள். பெட்டிச் சாவி வைத்திருப்பவர் எழுதுவது அபூர்வம்.

நெகேமியா புத்தகம் ஐந்தாம் அதிகாரத்தைக் கமிட்டிக் கூட்டத்தில் முழுவதும் வாசியுங்கள். மதில் கட்டிக்கொண்டிருந்த ஜனங்கள், நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் அடைமானம் வைத்துத் தானியம் வாங்கினோம், எங்கள் பிள்ளைகள் அடிமைகளாகிறார்கள் என்று கூக்குரலிட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் இல்லை, சொந்தச் சகோதரர். நெகேமியா மதில் வேலையின் நடுவிலேயே பெரிய சபை கூட்டி, பிரபுக்கள், அதிகாரிகள் முகத்துக்கு நேரே பேசினார். நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், நூற்றுக்கு ஒன்று வாங்கும் வட்டியை விடுங்கள் என்றார். நூற்றுக்கு ஒன்றுக்கே அவ்வளவு கோபம்! நம் ஊரில் நூற்றுக்கு ஐந்து, பத்து வாங்குகிறவர் சிலர் நம் ஆலயத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் பேசுவது உங்களுக்கும் குருவானவருக்கும் உள்ள முதல் வேலை. கடினமான வேலைதான்.

இது திருநெல்வேலிச் சபைக்குப் புதிதல்ல. விசுவாசத்துக்காக ஊரில் துன்பப்பட்டவர்கள் ஒதுங்கி வாழ நிலம் வாங்கி முதலூர் என்ற கிராமம் அமைந்தது 1799-இல். மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் இருந்தபோது, அப்படிப்பட்ட ஜனங்களுக்கு இடம் வாங்குவதற்கென்றே 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார். விசுவாசத்தோடு மனையும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் எழுபது குடும்பங்களில் குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய் என்றால் 7,000 சேரும். முடியாதவர் பத்து ரூபாய் போடட்டும், வசதி உள்ளவர் ஐந்நூறு போடட்டும். ஒன்பது மாதத்தில் 63,000. ஐந்து வட்டிக்கு 60,000 வாங்கி மாதம் 3,000 வட்டி கட்டும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடனைச் சபை அடைத்துவிட்டு, அதே 3,000-ஐச் சபைக்குக் கட்டச் சொல்லுங்கள். இருபதே மாதத்தில் முதல் முழுவதும் திரும்பிவிடும். இதுவரை கரையாத கடன் கரைந்துவிடும். இதற்குள் அடுத்த 60,000 பெட்டியில் சேர்ந்திருக்கும், இரண்டாவது குடும்பம், மூன்றாவது குடும்பம் என்று போகலாம். வட்டி வாங்கக் கூடாது. யாருக்குக் கொடுத்தோம் என்பது மூன்று பேருக்கு மேல் தெரியக் கூடாது. அந்த மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் குழுக் கடன் விவரங்களைப் பெண்கள் ஆண்களிடம் சொல்லமாட்டார்கள். கணக்கைத் தொகையாக மட்டும் சபைக்கு வாசியுங்கள். தவணை தவறினால் ஆள் அனுப்பாமல், நீங்களே போய் வீட்டில் உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

அறுப்பின் பண்டிகையில் பெயரும் தொகையும் வாசிக்கும் வழக்கத்தை இந்த வருடமே நிறுத்தித் தீர்மானம் போடுங்கள். சங்கக் காணிக்கை பாக்கிக்காகத் திருமணத்துக்கோ அடக்கத்துக்கோ யாரையும் நிற்கவைக்க வேண்டாம். ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்களின் பட்டியல் ஒன்று எடுங்கள். பெரும்பாலும் அதுவேதான் கடன்பட்டவர்களின் பட்டியலாக இருக்கும். இப்போதே தொடங்கினால் ஜூன் மாதத்துக்கு முன் சிறு தொகையாவது இரண்டு மூன்று வீடுகளுக்குப் பள்ளிக் கட்டணத்துக்கென்று போய்ச் சேரும். ஜூன் பிறந்துவிட்டால் பெற்றோர் வட்டிக்காரர் வாசலுக்குத்தான் போவார்கள்.